வராத கல்லுக்கு ஒரு மாத்திரை

திருச்சுழியில் பஸ்ஸு நிற்கும் இடத்துக்கு எதிரே இருந்த மருந்துக் கடையில் பாண்டீஸ்வரி அத்தை சீட்டை நீட்டினாள். கடைக்காரர் சீட்டைப் பார்த்தார். அத்தையைப் பார்த்தார். பிறகு, அத்தைக்குக் காது கேட்காது என்பதுபோல, பக்கத்தில் நின்ற என்னிடம் கேட்டார்.

"யாருக்கும்மா? வீட்டுக்காரருக்கா? குடிய நிப்பாட்டிட்டாரா, இன்னும் ஓடுதா?"

"எனக்குத்தான்" என்றாள் அத்தை.

"ஈரல் மாத்திரைம்மா இது. குடிச்சுக் குடிச்சு ஈரல் கெட்டுப்போனவுகதான் இத வந்து கேப்பாக."

"என் ஈரலுக்கு ஒண்ணும் இல்லண்ணே. பித்தப்பையில கல்லு விழாம இருக்கக் குடுத்திருக்காக."

அவர் நம்பியதாகத் தெரியவில்லை. அட்டைகளை எடுத்து உறையில் போட்டார். எங்களுக்குப் பின்னால் தலைவலி மாத்திரைக்கு நின்ற ஒருவர், சட்டைப் பையில் பீடிக்கட்டு துருத்திக்கொண்டிருக்க, "இப்ப பொம்பளைகளும் தொடங்கிட்டாளுகளா" என்று காற்றிடம் சொன்னார்.

அத்தை திரும்பினாள். "ஆமாண்ணே. தெனம் ஒரு குவாட்டரு. தொட்டுக்கிறதுக்குத்தான் ஒண்ணும் சரியா அமைய மாட்டேங்குது. உங்க வீட்ல நல்ல ஊறுகா இருந்தா குடுத்துவிடுங்க."

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தக் கூட்டத்தில் எங்கள் ஊர்க்காரர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். அத்தையின் கேலி எங்களுக்கு முந்தின பஸ்ஸில் ஏறி ஊருக்குப் போய்விட்டது. போகும்போது அதில் கேலி இல்லாமல் போய்விட்டது.

அத்தை என் அப்பாவின் தங்கச்சி. ஊர் பரளச்சிக்குக் கிழக்கே. மழை பெய்தால் மக்காச்சோளமும் பருத்தியும், பெய்யாவிட்டால் வெயிலும் விளையும் ஊர். எங்கள் தெருவில் ஒரு தலைமுறைக்கு முன்பு வரை எல்லோரும் பிறத்தியார் காட்டில் களை வெட்டியவர்கள்தான். இப்போது வீட்டுக்கு வீடு வேறு வேறு வேலை. மில்லு, திருப்பூர், கொத்து வேலை, கேரளா. அத்தையின் வீட்டுக்காரர் மாரிச்செல்வம் மாமா தண்ணி லாரி ஓட்டுகிறார். அத்தை ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறாள். நான் வேதியியலில் பட்டம் வாங்கிவிட்டு, தேர்வுகள் எழுதிக்கொண்டும் முடிவுகளுக்குக் காத்துக்கொண்டும் இருப்பவள். எங்கள் தெருவில் ஆங்கிலத்தில் எது அச்சடித்து வந்தாலும், உரமூட்டையோ மருந்துச் சீட்டோ, அது என்னிடம் வந்துவிடும்.

அத்தை குண்டாக இருந்தாள். "குண்டு" என்ற சொல்லே ஊர் சொன்னவற்றில் மரியாதையானது. "மாரிச்செல்வத்துக்கு ரெண்டு தண்ணி லாரி. ஒண்ணு ரோட்டுல, ஒண்ணு வீட்டுல" என்பார்கள். அதை அத்தையே சொல்லிச் சிரிப்பாள். அவள் சிரிக்காத ஒன்று உண்டு. அது முட்டை.

சத்துணவில் பிள்ளைகளுக்கு முட்டை போடுகிறார்கள். சமைக்கிறவள் குண்டாக இருக்கிறாள். இவ்வளவு போதாதா? "பிள்ளைக முட்டை எங்க போகுதுன்னு தனியா விசாரிக்கணுமாக்கும், பாத்தாலே தெரியுதே" என்று முதலில் சொன்னது தங்கலட்சுமி. பெரிய காட்டுக்காரர் வீடு. பள்ளிக்கூட மேலாண்மைக் குழுவின் தலைவியும் அவர்தான். அதன்பிறகு அத்தை அவித்த முட்டைகளைச் சமையலறைக்குள் உரிப்பதை விட்டுவிட்டாள். வராண்டாவில் எல்லோர் கண்ணும் படும் இடத்தில் உட்கார்ந்து, முட்டி வலியோடு காலை நீட்டி, உரித்து உரித்துப் பாத்திரத்தில் போடுவாள். ஒரு பெண் திருடவில்லை என்று காட்டுவதற்காக வெயிலில் உட்கார வேண்டியிருந்ததை நான் பள்ளிக்கூடத்துப் பிள்ளையாக இருந்தபோதே பார்த்திருக்கிறேன். அப்போது அது எனக்குக் கோபமாகத் தோன்றவில்லை, வழக்கமாகத் தோன்றியது. எது வழக்கம், எது அநியாயம் என்று பிரித்துப் பார்க்க ஒரு பட்டம் வாங்க வேண்டியிருந்ததா என்று இப்போது என்னையே கேட்டுக்கொள்கிறேன். பட்டம் வாங்காத அத்தைக்கு அது அன்றைக்கே தெரிந்திருந்தது.

தின்று பெருத்த உடம்பு இல்லை அது. தைராய்டு, சர்க்கரை, பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு ஏறி இறங்காத எடை. சோற்று அண்டாவைத் தூக்கும்போது முட்டி நொறுங்குவது மாதிரி இருக்கும் என்பாள். தூங்கும்போது மூச்சு நின்று நின்று வரும். மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, இனி மாத்திரையால் ஆகாது, இரைப்பையைச் சின்னதாக்கும் ஆபரேசன் செய்துவிடலாம் என்றார்கள். குழாய்போல ஒரு பகுதியை மட்டும் விட்டுவிட்டு மீதி இரைப்பையை எடுத்துவிடுவார்கள். கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிடும். மாமா ரொம்ப யோசித்தார். அத்தை யோசிக்கவில்லை. "மூச்சு நின்னு சாகுறதுக்கு மயக்க மருந்துல சாகுறது மேலு" என்று சொல்லிவிட்டு சேலைகளை மடித்துப் பையில் வைத்தாள்.

தண்ணி லாரி என்று சிரித்த அதே வாய்கள், "சோத்தக் கொறச்சா ஆகாதா? வயித்தையா அறுக்கணும்?" என்றன.

ஆபரேசன் நன்றாக முடிந்தது. வீட்டுக்கு அனுப்பும் நாளில் ஒரு பெண் டாக்டர் வந்து கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அப்படி உட்கார்ந்து பேசிய டாக்டரை அத்தை அதற்குமுன் பார்த்ததில்லையாம்.

"இனிமே உங்க உடம்பு வேகமா இளைக்கும்" என்றார் டாக்டர். "அப்படி இளைக்கும்போது கரையுற கொழுப்பு பித்தத்துல வந்து சேரும். பித்தம் கெட்டியாகும். நீங்க சாப்பிடுறதும் கொஞ்சமா, அதனால பித்தப்பையும் சுருங்கி விரிஞ்சு வேலை செய்யாம சும்மா கெடக்கும். தேங்குன பித்தத்துல கல்லு விழுந்திரும். இந்த ஆபரேசன் பண்ணவங்கள்ல நெறைய பேருக்கு மொத ஆறு மாசத்துல இது வருது. வந்திருச்சுன்னா பித்தப்பையை எடுக்க இன்னொரு ஆபரேசன் தேவைப்படலாம்."

"ஓடாத வாய்க்கால்ல வண்டல் படியிற மாதிரியா?"

"அதேதான். அதுக்குத்தான் இந்த மாத்திரை. காலைல சாப்பிட்டு ஒண்ணு, ராத்திரி சாப்பிட்டு ஒண்ணு. ஆறு மாசம் விடாம. பட்டினி கெடக்காதீங்க. எண்ணெயையும் அடியோட விட்றாதீங்க. கொஞ்சம் கொழுப்பு உள்ள போனாத்தான் பித்தப்பை சுருங்கிப் பித்தத்த வெளிய தள்ளும்."

வீட்டுக்கு வந்ததும் அத்தை மாத்திரை அட்டையைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் இருந்த பலகையில் வைத்தாள். சந்தனம்மாள் அதைப் பார்த்தாள்.

சந்தனம்மாள் அத்தையின் மாமியார். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அந்த அட்டையின் நிறம் தெரியும். மூத்த மகன் பால்ச்சாமி குடித்து ஈரல் கெட்டுக் கண் மஞ்சளாகிக் கிடந்தபோது, அதே அட்டை அதே பலகையில்தான் இருந்தது. அவருக்கு உப்பும் எண்ணெயும் இல்லாமல் பத்தியம் பொங்கிப்போட்டு, கீழாநெல்லி அரைத்துக் கொடுத்து, கடைசியில் மண்ணும் அள்ளிப் போட்டவள் அவள். யாரும் எதுவும் சொல்லாமலே அவளுக்குப் புரிந்துவிட்டது. வயிற்றைத் திறந்து பார்த்தவர்கள் மருமகளுக்கு ஈரல் போய்விட்டது என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். மனசு உடைந்துபோவாள் என்று மறைக்கிறார்கள்.

அவளும் மறைத்தாள். வாயைத் திறக்காமல் பத்தியத்தைத் தொடங்கினாள். அத்தைக்கென்று தனியாக ஒரு சின்னச் சட்டியில் தாளிக்காத ரசம், உப்பில்லாத கஞ்சி. விடியும்போதே வாய்க்கால் ஓரத்தில் பிடுங்கிய கீழாநெல்லியை மோரில் கலந்து வெறும் வயிற்றில் கொடுப்பாள். அது செரிக்கும் வரை பச்சைத்தண்ணீர்கூடக் கூடாது.

"ஏன் அத்தே, தாளிக்கவே இல்ல? டாக்டரம்மா கொஞ்சம் எண்ணெய் சேக்கச் சொன்னாகளே" என்று அத்தை கேட்டிருக்கிறாள்.

"வயித்த அறுத்தவளுக்குப் பத்தியம் வேணாமா? டாக்டரம்மாவா வந்து ஒன்னையப் பாக்கப் போறா? பேசாமக் குடி."

ஆபரேசன் ஆனால் பத்தியம் உண்டு என்பது எங்கள் பக்கத்தில் கேள்வி கேட்கும் விஷயமில்லை. ஒரு கைப்பிடி கொடுத்தாலே நிறைந்துவிடும் வயிறு, மாமியார் கொடுத்ததை அத்தை குடித்தாள். இளைத்தாள். ரவிக்கைகளைப் பிடித்துப் பிடித்துத் தைத்தாள். மாத்திரையையும் விடாமல் போட்டாள். கீழாநெல்லிக்குப் பிறகு வெகுநேரம் கழித்துத்தான் சாப்பிட முடியும் என்பதால், இரண்டு இட்லியைத் தூக்குவாளியில் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வந்து, உலையேற்றிவிட்டு, அங்கேயே தின்று மாத்திரை போடுவாள்.

ஒருநாள் அரிசி மூட்டையைப் பார்வையிட வந்த தங்கலட்சுமி, பருப்பு டப்பாவுக்குப் பக்கத்தில் அந்த அட்டையைப் பார்த்தார். அவர் வீட்டிலும் கொழுந்தனார் ஒருவருக்கு அது உண்டு. திருச்சுழியிலிருந்து வந்த குவாட்டர் கதை ஏற்கனவே ஊரில் சுற்றிக்கொண்டிருந்தது. சந்தனம்மாள் விடிகாலையில் கீழாநெல்லி பிடுங்குவதையும் நாலு பேர் பார்த்திருந்தார்கள். மூன்றையும் கூட்டிக் கழித்து ஊர் கணக்கை முடித்துவிட்டது. பாண்டீஸ்வரி குடிக்கிறாள். குடித்துக் காமாலை வந்துவிட்டது. இளைத்தது ஆபரேசனால் இல்லை. காமாலைக்காரி பிள்ளைகளுக்குச் சமைக்கிறாள், பிள்ளைகளுக்கு ஒட்டிக்கொள்ளும்.

எனக்கு மண்டை கொதித்தது. குடியால் ஈரல் கெட்டால் அது எப்படி ஒட்டும்? ஒட்டுகிற காமாலை என்றால் குடி எங்கிருந்து வந்தது? இரண்டில் ஒன்றையாவது தேர்ந்தெடுத்துவிட்டுப் பழி போடக்கூடாதா? ஆனால் அத்தனை பேருக்கும் இரண்டும் வேண்டியிருந்தது. எங்கள் தெருப் பெண் சமைத்ததைத் தங்கள் பிள்ளைகள் தின்பது சில வீடுகளுக்கு எப்போதுமே தொண்டையில் சிக்கிய முள். அதை இப்போதெல்லாம் வெளியே சொல்ல முடியாது, கேஸாகிவிடும். காமாலை என்றால் சொல்லலாம். சுகாதாரம் ஆகிவிடும்.

தலைமை ஆசிரியர் ராமசுப்பு கெட்டவர் இல்லை. அதுதான் எரிச்சலே. அத்தையைக் கூப்பிட்டு நாற்காலியில் உட்காரச் சொல்லித்தான் பேசினார்.

"நான் நம்பலைம்மா. ஆனா பேசுறாங்கள்ல. நீங்க ஒண்ணு பண்ணுங்க. அந்த மாத்திரைய இங்க வச்சுப் போடாதீங்க. அப்புறம், காமாலை இல்லைன்னு ஒரு டாக்டர்ட்ட எழுதி வாங்கிட்டு வந்திருங்க. வாய மூடிரலாம்."

"யார் வாய சார்?"

அவர் வருகைப் பதிவேட்டைத் திறந்தார்.

அன்று சாயங்காலம் அத்தை மாத்திரையை நிறுத்தினாள். வீட்டில் எல்லோரும் இருக்கும்போதுதான் சொன்னாள். "இந்த அட்டை வந்ததுலருந்துதான் எல்லாப் பேச்சும். இது போயிருச்சுன்னா பேச்சும் போயிரும். வேலை போனா எவன் குடுப்பான்?"

"கல்லு விழுந்துச்சுன்னா?" என்றேன்.

"விழுந்தாப் பாப்போம். இப்ப என்ன வலிக்கவா செய்யிது? வராத நோவுக்கு மாத்திரை தின்னு வந்த சோத்த இழக்கச் சொல்றியா?"

"விதைக்கிறதுக்கு முந்தி மக்காச்சோளத்துக்கு மருந்து கலக்குறாகளே அத்தை, புழு வந்தபிறகா கலக்குறாக?"

மாமா, கட்டிலில் படுத்திருந்தவர், தலையைத் தூக்கிப் பார்த்தார். "பிள்ள சொல்றது சரிதான" என்றார்.

"ஒங்களுக்கென்ன, லாரிக்குக் காமாலை வந்திருச்சுன்னு எவனாவது சொல்லப் போறானா?" என்றாள் அத்தை. மாமா தலையைத் திரும்பவும் கட்டிலில் வைத்துவிட்டார்.

சந்தனம்மாள் மூலையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். மாத்திரையை நிறுத்தியதும் அவள் கீழாநெல்லியை இரண்டு வேளையாக்கினாள்.

வலி வந்தது பொங்கலன்று. தை மாதத்துப் பொங்கல் இல்லை, பங்குனியில் எங்கள் காளியம்மனுக்கு வைப்பது. கிடா வெட்டி, தெருவெல்லாம் கறி மணத்தது. இத்தனை வாரம் எண்ணெய்ப் பசை காணாத வயிற்றுக்கு அத்தை இரண்டு துண்டு கறியும் ஒரு வாய்க் குழம்பும் கொடுத்தாள். கொஞ்ச நேரத்தில் வலது பக்க விலாவுக்குக் கீழே யாரோ கையை விட்டுப் பிசைவதுபோல இருக்கிறது என்றாள். பிறகு அது தோள்பட்டைக்கு ஏறியது. வாந்தி. வேறு வண்டி கிடைக்கவில்லை. மாமா தண்ணி லாரியை எடுத்தார். தொட்டியில் இருந்த தண்ணீரைக் கண்மாய்க் கரையில் திறந்துவிட்டுவிட்டு, அத்தையை நடுவில் உட்கார வைத்து, நானும் சந்தனம்மாளும் நெருக்கிக்கொண்டு அருப்புக்கோட்டைக்குப் போனோம். அங்கே ஊசி போட்டு வலியை அமர்த்தி, ஆபரேசன் செய்த இடத்துக்கே போங்கள் என்று மதுரைக்கு அனுப்பினார்கள்.

ஸ்கேன் பார்த்த பிறகு அதே பெண் டாக்டர் வந்தார். இந்தத் தடவை உட்காரவில்லை.

"பித்தம் குழம்பி மணல் மாதிரி சேந்திருக்கு. நல்ல நேரம், இன்னும் கல்லாகல. மாத்திரைய ஏன் நிறுத்துனீங்க?"

அத்தை என்னைப் பார்த்தாள். நான் சொன்னேன். டாக்டர் கேட்டுவிட்டு, "என்ன சாப்பிடுறீங்க?" என்றார். அத்தை உப்பில்லாக் கஞ்சியையும் தாளிக்காத ரசத்தையும் கீழாநெல்லியையும் அதற்குப்பின் கிடக்கும் பட்டினியையும் சொன்னாள். டாக்டரின் முகம் சிவந்துவிட்டது.

"கொஞ்சம் எண்ணெய் வேணும், பட்டினி கூடாதுன்னு நான் சொன்னேனா இல்லையா? யார் இந்தப் பத்தியத்தச் சொன்னது?"

"நாந்தான்" என்றாள் சந்தனம்மாள்.

வாசற்படியில் நின்றிருந்தவள் உள்ளே வந்தாள். இத்தனை நாள் அடக்கியதெல்லாம் ஒரே மூச்சில் வந்தது. "நாந்தான் குடுத்தேன். எம் மூத்தவனுக்கும் இதே மாத்திரைதான். அவனுக்கும் ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லன்னுதான் சொன்னீக. இவளுக்கும் மறைக்கிறீக. இவ ஒரு சொட்டு குடிச்சதில்ல தாயி, எங்க குலசாமி மேல சத்தியம், எப்படி இவ ஈரல் போச்சு? எத்தன மாசம் தாங்குவான்னாச்சும் சொல்லிருங்க. அவன் இத்தன நாள்தான் இருப்பான்னு சொல்லாம விட்டுட்டீக. நான் ஒரு வாய் ருசியாக்கூட அவனுக்குப் பொங்கிப் போடல."

அத்தை கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். தன் சாவுக்காக ஒருத்தி இத்தனை வாரமாக அழுகையை அடக்கிக்கொண்டு கஞ்சி காய்ச்சியிருக்கிறாள் என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"அடியாத்தீ" என்றாள். "நான் சாகுறேன்னா அத்தே நெனச்சீக? எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கக்கூடாதா?"

"சாகப்போறவகிட்ட எப்படிறீ கேக்க?"

டாக்டருக்குக் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. ஸ்டூலை இழுத்து சந்தனம்மாளை உட்கார வைத்தார். ஒரே மாத்திரை இரண்டு வேறு காரியத்துக்கு ஆகும் என்று சொன்னார். பித்தத்தை இளக்கி ஓடவைப்பதுதான் அதன் வேலை, உங்கள் மகனுக்கு அது ஈரலுக்காகக் கொடுத்தது, மருமகளுக்குக் கல் விழாமல் இருக்கக் கொடுப்பது, இவர் ஈரல் நன்றாக இருக்கிறது, ஸ்கேனிலேயே பார்த்தாயிற்று. சந்தனம்மாள் திரும்பத் திரும்ப ஒரே கேள்வியைக் கேட்டாள். அவர் திரும்பத் திரும்ப ஒரே பதிலைச் சொன்னார்.

எனக்கு அந்த மாத்திரையின் வேதிப்பெயர் தெரியும். கொழுப்பின் மூலக்கூறு அமைப்பைத் தேர்வில் வரைந்து முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். ஆனால் எங்கள் வீட்டுக்குள்ளேயே ஒருத்தி என்ன நினைத்துக்கொண்டு கீழாநெல்லி அரைக்கிறாள் என்று எனக்குத் தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ள எந்தப் படிப்பு படிக்க வேண்டும் என்றும் தெரியவில்லை.

ஊருக்குத் திரும்பியபோது அத்தை வேறு ஆளாக இல்லை, ஆனால் அவள் கேலி பேசுவது குறைந்திருந்தது. மறுநாள் காலையில் பள்ளிக்கூடத்தில் இட்லியைத் தின்றுவிட்டு மாத்திரையைப் போட்டாள். இரண்டு நாளில் மேலாண்மைக் குழு கூடியது. நானும் போனேன். நான் குழுவில் இல்லை, பழைய மாணவி என்று சொல்லி வாசல் ஓரம் நின்றேன்.

தங்கலட்சுமியை எங்கள் தெருவில் எல்லோரும் "அம்மா" என்றுதான் கூப்பிடுவார்கள். அத்தை மட்டும் "அக்கா" என்பாள். அது அவருக்குப் பிடிக்காது என்பது அத்தைக்கும் தெரியும்.

"ஒன்னய வேலைய விட்டுப் போகச் சொல்லல பாண்டீஸ்வரி" என்று தங்கலட்சுமி ஆரம்பித்தார். "ஒடம்புக்கு முடியல, ஆஸ்பத்திரிக்கும் போயிட்டு வந்திட்ட. இந்த மாத்திரை முடியிற வரைக்கும் லீவு போடு. அதுவரைக்கும் உதவிக்கு இருக்காள்ல சுபத்ரா, அவ பாத்துக்கிருவா. பிள்ளைக விஷயம்."

"எனக்குக் காமாலை இல்லக்கா."

"இல்லன்னு எழுதி வாங்கிட்டு வரச் சொன்னாருல்ல சார். கொண்டாந்தியா?"

"கொண்டாரல. கொண்டாரவும் மாட்டேன்." அத்தை எழுந்து நின்றாள். "இல்லங்கிறதுக்கு எங்கிட்ட எழுத்து கேக்குறீகளே, இருக்குங்கிறதுக்கு ஒங்ககிட்ட எழுதிக் குடுத்த டாக்டரு யாரு? அந்தக் காகிதத்த எடுங்க. நான் இப்பவே வீட்டுக்குப் போறேன்."

யாரும் எதையும் எடுக்கவில்லை.

"ஒங்க கொழுந்தனாரும் இதே மாத்திரைதான் போடுறாக. நேத்து ஒங்க வீட்டுக் கெடா விருந்துல அவுகதான் பந்தி பரிமாறினாக. ஊரே தின்னுச்சு. யாருக்குக்கா ஒட்டுச்சு?"

"ஏய், அவரையெல்லாம் இழுக்காத."

"ஏன்? அவுக குடிச்சாக. நான் குடிக்கல. குடிச்சவுக பரிமாறலாம், குடிக்காதவ பொங்கக்கூடாதா? வேற காரணம் இருந்தா அதச் சொல்லுங்க, எல்லாரும் கேக்கட்டும்."

அந்த வேறு காரணத்தின் பெயர் அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். தலைமை ஆசிரியர் மின்விசிறியைப் பார்த்தார். பின்வரிசையில் ஒருவர் இருமினார்.

"அம்மா, ஒரு நடுவழியா, மாத்திரைய மட்டும் வீட்ல போட்டுட்டு வந்திருங்களேன்" என்றார் ராமசுப்பு.

"சாப்பிட்ட உடனே போடணும் சார். நான் சாப்பிடுறது இங்க, உலை வச்ச பிறகு. ஒங்க சார்மாரு சர்க்கரை மாத்திரைய மேசையில வச்சுத்தான போடுறாக? ஒருக்க ஒங்க பேச்சக் கேட்டு நிப்பாட்டி, தண்ணி லாரியில தூக்கிட்டுப் போனாக. இன்னொருக்க மாட்டேன். லீவும் போட மாட்டேன். பருப்பு அடிப்பிடிக்கும், நான் போறேன்."

போய்விட்டாள். அவள் போன பிறகும் பேசினார்கள். மேலிடத்துக்கு எழுதுவதா என்று கேட்டார் ஒருவர். என்னவென்று எழுதுவது என்று கேட்டார் தலைமை ஆசிரியர். அதுதான் அவர் அத்தைக்காகக் கேட்ட ஒரே கேள்வி. பிறகு டீ வந்தது, கூட்டம் அதோடு முடிந்தது.

சில வீட்டுப் பிள்ளைகள் கொஞ்ச நாள் டிபன் பாக்ஸோடு வந்தார்கள். சோறு மிஞ்சியது. மிஞ்சிய சோற்றைப் பார்த்து அத்தை என்ன நினைத்தாள் என்று கேட்டதற்கு, "மிஞ்சுன சோறு, வேற என்ன" என்றாள். கோடை லீவு வந்தது. பள்ளிக்கூடம் திறந்தபோது, டிபன் பாக்ஸ் கட்டுவது அம்மாமார்களுக்கு அலுத்துவிட்டிருந்தது. ஒவ்வொருவராகத் தட்டைத் தூக்கிக்கொண்டு வரிசையில் வந்து நின்றார்கள். இதை நியாயம் வென்றது என்று எழுத எனக்கு ஆசைதான். ஆனால் அலுப்புதான் வென்றது.

வீட்டில் சந்தனம்மாள் தாளிக்கத் தொடங்கினாள். அளவாகத்தான், டாக்டர் காட்டிய கரண்டி அளவு. ஆனால் கீழாநெல்லியை விடவைப்பதற்கு அவளிடம் பெரிய போராட்டம் நடத்த வேண்டியிருந்தது. மாத்திரை வேளை தவறினால் அவள்தான் முதலில் சத்தம் போட்டாள். "போட்டியா? வாயத் தெற பாப்போம்" என்பாள், அத்தை ஏதோ சின்னப் பிள்ளை என்பதுபோல.

ஆறு மாதம் முடிந்ததும் ஸ்கேன் எடுத்தார்கள். நிறுத்திய வாரங்களையும் சேர்த்துக் கணக்குப் பார்த்துத்தான் டாக்டர் முடித்தார். பித்தப்பை சுத்தமாக இருந்தது. மணலும் இல்லை, கல்லும் இல்லை.

மறுநாள் பள்ளிக்கூட வாசலில் தங்கலட்சுமியும் இன்னும் இரண்டு பெண்களும் நின்றிருந்தார்கள். அத்தை உலையேற்றிவிட்டுக் கடைக்குப் போய்க் காய்கறிப் பையோடு வந்துகொண்டிருந்தாள். நான் பின்னால் எண்ணெய்க் கேனோடு.

"மதுரைக்குப் போயிட்டு வந்தியாமே. கல்லு இருந்துச்சா?" என்று கேட்டார் தங்கலட்சுமி.

"இல்லக்கா. சுத்தமா இருக்காம்."

தங்கலட்சுமி பக்கத்தில் நின்றவளைப் பார்த்தார். "பாத்தியா? நான் அன்னைக்கே சொல்லல? ஒண்ணுமே இல்லாததுக்கு இம்புட்டு மாசம் மாத்திரை தின்னு, ஊர ரெண்டாக்கி... எல்லாம் வீணு."

நான் கேனைக் கீழே வைத்துவிட்டேன். எங்கிருந்து தொடங்குவது என்றே தெரியவில்லை. கல் விழுந்திருந்தால் மாத்திரை பலிக்கவில்லை என்பார்கள். விழாததால் மாத்திரையே தேவையில்லை என்கிறார்கள். எப்படி இருந்தாலும் அவர்கள் சொன்னதுதான் சரி.

அத்தை நின்றாள். கோபப்படவில்லை என்று சொல்ல மாட்டேன். காய்கறிப் பையை மறு கைக்கு மாற்றினாள்.

"அப்படியாக்கா?" என்றாள். "ஒங்க மனசு குளிர ஒரு கல்ல வளத்து, வயித்த அறுத்து எடுத்து, ஒங்க கையில குடுத்திருக்கணும் போல. அப்ப நம்பியிருப்பீக. எனக்கு அதுக்கெல்லாம் நேரமில்ல."

யாரும் எதுவும் சொல்வதற்குள் அவள் வாசலைத் தாண்டிப் போய்விட்டாள். அடுப்படியிலிருந்து அவள் குரல் கேட்டது, எண்ணெயை அங்கேயே வைத்துக்கொண்டு என்ன பண்ணுகிறாய், உலை கொதிக்கிறது என்று.